சீருடை அணிந்த வாத்து வேட்டைக்காரர்களும் வெளிநாட்டு நீர்ப்பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரைப் பற்றியது இது?

இராக், ஆப்கானிஸ்தான், தென் கொரியா, ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களில் வாத்து வேட்டைப் பித்துப் பிடித்தவர்களைப் பற்றியது. ஆர்கன்சா, லூசியானா, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் இது பொழுதுபோக்கு என்பதைவிடக் குடும்ப வழக்கம் என்றே சொல்லலாம். விடியலுக்கு முன்பே பிள்ளைகளை எழுப்பிக் குளிர்ந்த நீரில் தொடையளவு ஆழத்தில் நிற்க வைத்துப் பழக்குகிறார்கள். ஆர்கன்சாவில் நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டட்கார்ட் என்ற சிற்றூர், வாத்தைப் போலக் குழல் ஊதும் உலகப் போட்டியை 1936இலிருந்து நடத்தி வருகிறது. அங்கே நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி கடைசி வரை, இடையில் சில நாள் நிறுத்தி, மொத்தம் 60 நாள் வேட்டைப் பருவம். ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு வாத்துக்கு மேல் சுடக் கூடாது.

ஊரில் இருப்பவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் அந்த 60 நாளில் பாக்தாத் அருகே ஒரு காவல் கோபுரத்தில் நிற்பவன் தலைக்கு மேல் வாத்துக் கூட்டம் பறந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? மற்றக் கேள்விகளெல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

பாலைவனத்தில் வாத்துக்கு என்ன வேலை?

செய்திப் படங்கள் காட்டிய இராக்கில் மணலும் புழுதியும்தான் இருந்தன. உண்மையில் அது டைக்ரிஸ், யூப்ரடீஸ் என்ற இரண்டு ஆறுகளை நம்பி வாழும் நாடு. தெற்கே இரண்டும் நெருங்கும் இடத்தில் நாணலும் நீரும் அடர்ந்த பெரும் சதுப்பு நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். 1991 கிளர்ச்சியை அடக்கிய சதாம் உசேன் அரசு, தப்பியோடியவர்கள் நாணலுக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகக் கால்வாய் வெட்டி, கரை எழுப்பி, தண்ணீரையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. பத்தாண்டுக்குள் சதுப்பில் பத்தில் ஒன்பது பங்கு வெடித்த மண்ணாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக நாணல் வீட்டில் குடியிருந்து எருமை மேய்த்த மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். பறவைகளும் போயின.

2003இல் ஆட்சி கவிழ்ந்ததும் உள்ளூர் மக்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கரைகளை உடைத்தார்கள். தண்ணீர் வந்தது, அதன் பின்னால் நாணல் வந்தது, நாணலைத் தேடிப் பறவை வந்தது. ஆக, அமெரிக்கப் படை அங்கே இருந்த காலமும் சதுப்பு மீண்டு எழுந்த காலமும் ஒன்றே. எந்தப் போர்த் திட்டத்திலும் எழுதப்படாத தற்செயல் இது. 2016இல் யுனெஸ்கோ அந்தச் சதுப்பை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. உடலெங்கும் வெளிர்ப் புள்ளி தெளித்த மார்பிள்ட் டீல் என்ற அரிய சிறு வாத்துக்கு உலகில் மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களில் அதுவும் ஒன்று.

ஆப்கானிஸ்தானின் கதை வேறு. சைபீரியாவிலும் கசகஸ்தானிலும் கோடையைக் கழித்த வாத்துகள் சிந்துச் சமவெளிக்கும் இந்தியாவுக்கும் போகும் வழியில் இந்துகுஷ் மலையைக் கடந்தாக வேண்டும். பக்ராம் விமானத் தளம் இருக்கும் பர்வான் சமவெளி அந்த மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. இன்னொரு தகவலும் உண்டு. காபூலும் ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கு 34.5 பாகையில் இருக்கின்றன. டிசம்பரில் இரண்டு ஊரிலும் பகலின் நீளம் ஒன்றே, விடியலின் சாய்வும் ஒன்றே. கடிகாரம் மட்டும் பத்தரை மணி நேரம் முன்னால் ஓடும்.

அங்கே பார்த்தவையும் ஊரில் பார்த்தவையும் ஒரே பறவைகளா?

பல சமயம் அதே இனம்தான். ஆணுக்குப் பச்சைத் தலை மினுங்கும் மல்லார்ட், வால் நீண்ட ஊசிவால் வாத்து, கரண்டி போன்ற அலகுடைய தட்டைவாயன் ஆகிய மூன்றும் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் ஒரே இனங்கள். மிசிசிப்பிக் கரையில் மல்லார்டைப் பார்த்து வளர்ந்தவன் டைக்ரிஸ் கரையில் அதைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவான்.

சற்று மாறியவைதான் சுவையானவை. அமெரிக்க விஜன் வாத்தின் ஆணுக்கு நெற்றி வெள்ளை, கண்ணைச் சுற்றிப் பச்சை. ஆசிய விஜனுக்குத் தலை செம்பழுப்பு, நெற்றி வெண்மஞ்சள். பச்சைச் சிறகுக் கிளுவையின் அமெரிக்க வகைக்கு மார்போரம் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். ஆசிய வகைக்கு அதே கோடு சிறகை ஒட்டிப் படுக்கையாக ஓடும். பறக்கும் வேகமும் கூட்டமாகத் திரும்பும் விதமும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். தூரத்தில் நிழலுருவை வைத்து அடையாளம் சொல்லிவிட்டு, கிட்டே வந்ததும் "இது நம் ஊர்க்காரன் இல்லையே" என்று திகைப்பது வேட்டைக்காரனுக்கே வாய்க்கும் அனுபவம்.

அமெரிக்காவில் காண முடியாதவையும் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் நாய் அளவுக்குச் சத்தம் போடும் ரடி ஷெல்டக் வாத்து அவற்றில் முதலாவது.

அங்கே வேட்டையாடலாமா?

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முடியாது. 1990இல் வளைகுடாப் போருக்குப் படை திரண்டபோது பிறந்த "பொது ஆணை எண் 1" பிற்பாடு பலமுறை திருத்தப்பட்டு நீடித்தது. மது கூடாது என்பதால் பெயர் பெற்ற ஆணை அது. அதே பட்டியலில் சொந்தத் துப்பாக்கியும் சொந்தத் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்றும் இருந்தது. எந்த விலங்கையும் வளர்க்கவோ, பராமரிக்கவோ, அதற்குத் தீனி போடவோ கூடாது என்ற விதியும் இருந்தது. அதாவது வாத்தைச் சுடுவதும் குற்றம், அதற்கு ரொட்டித் துண்டு போடுவதும் குற்றம். பார்ப்பதை மட்டும் ஆணை விட்டுவைத்தது.

கையில்தான் ராணுவத் துப்பாக்கி இருக்கிறதே?

அதில் ஒரே குண்டு போகும். பறக்கும் வாத்துக்கு ரவை சிதறும் ஷாட்கன் வேண்டும். அது மட்டுமல்ல, போர்முனையில் காரணமில்லாமல் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் முகாம் முழுவதும் தரையில் படுக்கும். பிறகு விசாரணை வரும். உண்மையான வாத்து வேட்டைக்காரன் இந்தக் கேள்வியையே அவமானமாக எடுத்துக்கொள்வான். நீரில் உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடுவதையே இழுக்காக நினைப்பவர்கள் அவர்கள்.

எந்த நாட்டிலும் வழியில்லையா?

ஜெர்மனியில் வழி இருக்கிறது. அங்குள்ள அமெரிக்கப் படையினருக்காகவே வேட்டைப் பயிற்சித் திட்டம் நடக்கிறது. வகுப்புக்குப் போய், ஜெர்மானிய வேட்டைச் சட்டம், உயிரின அறிவு, துப்பாக்கிக் கையாளுதல் எல்லாவற்றிலும் தேர்வு எழுதித் தேறினால் உரிமம் கிடைக்கும். ஊரில் ஒரு வார இறுதிப் பாடத்தோடு வேட்டைக்குப் போனவர்களுக்கு இது மலைப்பாகத்தான் இருக்கும்.

படையில் யாருக்குமே பறவையைச் சுட அனுமதி கிடையாதா?

விமான ஓடுபாதையைக் காப்பவர்களுக்கு உண்டு. பறவை மோதலைத் தடுப்பது விமானப் படையில் தனி வேலை. வாணம் விடுவது, ஒலி எழுப்பி விரட்டுவது, புல்லை வெட்டுவது, நீர் தேங்காமல் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் கடைசி வழியாக ஷாட்கன். இராக், ஆப்கானிஸ்தான் தளங்களுக்கு அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்கு வல்லுநர்களே இதற்காக அனுப்பப்பட்டார்கள். எஞ்சினில் சிக்கிய இறகும் சதைத் துணுக்கும் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இறகு ஆய்வகத்துக்குப் போகும். இறகின் நுண்ணமைப்பையும் மரபணுவையும் பார்த்து, மோதியது எந்தப் பறவை என்று சொல்லிவிடுவார்கள்.

இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. 2014 ஜனவரி 7 அன்று இங்கிலாந்தின் நார்ஃபோக் கடலோரத்தில், கிளை என்ற ஊர்ச் சதுப்பு நிலத்துக்கு மேல், அமெரிக்க விமானப் படையின் பேவ் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று இரவுப் பயிற்சியில் தாழப் பறந்துகொண்டிருந்தது. கூட்டமாக எழும்பிய காட்டு வாத்துகள் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. விமானிகள் நினைவிழந்தார்கள், ஹெலிகாப்டர் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். வெளிநாட்டில் ஒரு படைவீரனும் நீர்ப்பறவையும் சந்திக்கும் சந்திப்பில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது. வேட்டைக் கதை பேசுபவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

முகாமுக்குள் இருந்தவர்கள் பறவைகளை எங்கே பார்த்தார்கள்?

தண்ணீர் எங்கே இருந்ததோ அங்கே. பாக்தாத் விமான நிலையத்தை ஒட்டி சதாம் கட்டிய அல்-ஃபா அரண்மனை செயற்கை ஏரிக்கு நடுவே நிற்கிறது. அமெரிக்கத் தலைமையகமாக மாறிய பிறகு, ஓய்வு நேரத்தில் வீரர்கள் அந்த ஏரியில் தூண்டில் போட்டார்கள். வாத்துக்குப் போக முடியாதவனுக்குக் கெண்டை மீனாவது மிஞ்சியது.

காந்தகார் தளத்தில் இருந்ததோ ஊரறிந்த கழிவுநீர்க் குளம். அங்கே பணியாற்றிய எவரிடமும் அதைப் பற்றிக் கேட்டால் முதலில் மூக்கைத்தான் பிடிப்பார்கள். ஆனால் பறவை பார்ப்பவர்களுக்குத் தெரியும், வறண்ட நாட்டில் கழிவுநீர்க் குளத்தை விட்டுவிட்டுப் பறவை தேடுவது வீண் வேலை. புழு, பூச்சி, பாசி, அதோடு தொந்தரவு செய்ய ஆளில்லாத நிம்மதி. உள்ளானுக்கும் கிளுவைக்கும் நாமக்கோழிக்கும் வேறென்ன வேண்டும்?

இராக்கில் பலாத் என்ற ஊருக்கு அருகே இருந்த பெரிய அமெரிக்கத் தளத்தில் 2004இல் கனெக்டிகட் தேசியக் காவல் படையைச் சேர்ந்த ஒரு சார்ஜென்ட், பணிக்கிடையே பார்த்த பறவைகளை எல்லாம் குறித்துவைத்து இணையத்தில் எழுதினார். அவர் வேட்டைக்காரராக இல்லாமல் பறவை ஆர்வலராக எழுதியவர். படித்தவர்களிலோ இரு சாராரும் இருந்தார்கள். குண்டுவெடிப்புச் செய்திகளுக்கு நடுவே பறவைச் செய்தி வந்தது பலருக்கு ஆறுதலாக இருந்தது.

உள்ளூர் மக்கள் வாத்து வேட்டையாடினார்களா?

நன்றாகவே. அமெரிக்கர்கள் தங்கள் கலை என்று நினைத்திருந்ததை அங்கே பல நூற்றாண்டாகச் செய்துகொண்டிருந்தார்கள். தெற்கு இராக்கின் சதுப்பு மக்கள் ஒல்லியான தோணியில் நாணலுக்குள் நுழைந்து துப்பாக்கியாலும் வலையாலும் பிடித்தார்கள்; பிடித்தவை சந்தைக்குப் போயின. குளிர்காலத்தில் குடும்பத்துக்கு இறைச்சியும் கையில் காசும் அதுதான்.

ஆப்கானிஸ்தானில் பர்வான் பக்கத்து உழவர்கள் வயலோரத்தில் செயற்கைக் குட்டை வெட்டி, பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, மண் மறைவிடத்தில் காத்திருப்பார்கள். பழக்கிய கொக்கை நிறுத்தி வலசை போகும் பெருங்கொக்குகளை இறக்குகிற வழக்கமும் அங்கே உண்டு. காபூலின் ஓரத்தில், பாலா ஹிசார் கோட்டைக்குக் கீழே கிடக்கும் கோல்-ஏ-ஹஷ்மத் கான் ஏரி முன்பு அரச குடும்பத்தின் வேட்டைக்களம். 2017இல்தான் அது பாதுகாக்கப்பட்ட பகுதியானது.

மொழி தெரியாத இரண்டு பேர் பேசிக்கொள்ள இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம். கையைச் சிறகாக விரித்து, கன்னத்தை உப்பி ஒரு குரல் எழுப்பினால் போதும், இன்னொரு வேட்டைக்காரனுக்குப் புரிந்துவிடும். இதைப் பெரிய சமாதானத் தூது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவன் கையில் தானியங்கித் துப்பாக்கி, மற்றவன் தன் சொந்த வயலில் நிற்கிறான், இருவரும் சமமில்லை.

கொரியாவில் என்ன கிடைக்கும்?

வேலிக்கு அப்பால் ஒரு சொர்க்கம். 1953 போர்நிறுத்தத்தில் இரு கொரியாக்களுக்கும் நடுவே பிறந்த எல்லைப் பட்டை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலம். மனிதன் நுழைய அஞ்சுவதால் பறவைகள் நிறைந்த இடம். அதை ஒட்டிய சியோர்வான் சமவெளி நெல் வயல்களில், அறுவடைக்குப் பின் சிந்திய மணியைத் தேடி வெண்ணெற்றி வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. லூசியானாக்காரனுக்கு அது 'ஸ்பெக்கிள்பெல்லி', அவன் ஊரிலும் நெல் வயலில் இறங்கும் அதே இனம். சிவப்புக் கொண்டை மஞ்சூரியக் கொக்கும் அங்கேதான் குளிர்காலம் கழிக்கும். தெற்கே ஆற்று முகத்துவாரங்களில் பைக்கால் கிளுவை லட்சக்கணக்கில் மாலை வேளையில் ஒன்றாக எழும்பும்.

வேட்டைத் திறமை போரில் பயன்பட்டதா?

இரண்டாம் உலகப் போரில் நேரடியாகவே பயன்பட்டது. குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கிவீரர்களுக்குப் பறக்கும் களிமண் தட்டுகளை ஷாட்கனால் சுடும் பயிற்சி தரப்பட்டது. ஓடும் இலக்கைச் சுடாதே, அது போகப்போகும் இடத்தைச் சுடு என்பதுதான் பாடம். அப்பாவோடு சதுப்பில் நின்றவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இன்றைய போரில் பயன்படுவது கண்தான் என்று நினைக்கிறேன். மங்கலான விடியலில் நாணல் அசைவது காற்றாலா வேறெதனாலா என்று பிரித்தறியும் கண்.

நாய்களையும் சொல்ல வேண்டும். சுட்டு விழுந்த வாத்தை நீந்திப் போய் எடுத்து வருவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் லாப்ரடார். ஆப்கானிஸ்தானில் அமெரிக்க மரைன் படை, சாலையோரம் புதைத்த வெடிகுண்டுகளைத் தேட அதே இனத்தைக் கொண்டுபோனது. கயிறில்லாமல் முன்னால் ஓடும், குரலுக்கும் கைச்சாடைக்கும் திரும்பும். ஊரில் வாத்தைத் தேடி இடது வலது என்று அனுப்பிய அதே சாடைமுறைதான். மோப்பம் பிடிக்க வேண்டிய பொருள் மட்டும் மாறியது.

பறவைக் காய்ச்சல் பயம் இருந்ததா?

இருந்தது. 2005 மே மாதம் சீனாவின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் எச்5என்1 கிருமியால் மடிந்தன. 2006 ஜனவரியில் வடக்கு இராக்கில் அந்த நோயால் ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகு செத்த பறவையைத் தொடுவது அசட்டுத் துணிச்சல் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

நினைவாக ஓர் இறகையாவது எடுத்து வரலாமா?

வேண்டாம். ஊர் திரும்பும்போது பூட்ஸில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவச் சொல்லிச் சோதிக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்ளலாம்.

கொல்ல விரும்புகிறவனுக்குப் பறவை மேல் அன்பு எப்படி?

தமிழ் வாசகர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றாலே குற்றம். அமெரிக்காவில் கணக்கு வேறு. 1934 முதல், நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஒரு 'வாத்து ஸ்டாம்ப்' வாங்க வேண்டும்; இப்போது அதன் விலை 25 டாலர். அந்தப் பணம் சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. ஈய ரவை நீருக்குள் விழுந்து பறவைகளுக்கு நஞ்சானதால் 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் அதற்குத் தடை, எஃகு போன்ற நஞ்சில்லாத ரவைதான்.

இந்த வாதம் என்னை முழுதாக ஒப்புக்கொள்ள வைப்பதில்லை. ஆனால் ஏரியை மனைப்பிரிவு ஆக்கிவிட்டு "நாங்கள் பறவையைச் சுடுவதில்லை" என்று பெருமை பேசுவதைவிட அது நேர்மையானது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

நாம் மறுபக்கத்தில் இருந்தவர்கள். வேடந்தாங்கல் ஏரியில் கும்பினிப் படை வெள்ளையர்கள் பறவைகளைச் சுட்டுத் தள்ள, ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் லயனல் பிளேஸ் என்ற செங்கல்பட்டு கலெக்டரிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள் என்பது அந்த ஊர் வரலாறு. வெளிநாட்டில் பணியாற்றிய, நீர்ப்பறவை வேட்டையில் மோகம் கொண்ட படைவீரர்கள் என்றால் அவர்களும்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

பறவைகள் வழியாகவும் தொடர்பு உண்டு. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் ஊசிவாலும் தட்டைவாயனும் கோடியக்கரை வரை வருகின்றன. 7,290 மீட்டர் உயரம் வரை பறந்ததாகக் கருவி பொருத்தி அறியப்பட்ட வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து திருநெல்வேலிக் கூந்தன்குளத்தில் இறங்குகிறது.

ஊர் திரும்பியவர்களுக்குச் சிறப்புச் சலுகை ஏதும் உண்டா?

2019இல் நிறைவேறிய ஓர் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வழக்கமான பருவத்துக்கு வெளியே இரண்டு நாள் வரை, முன்னாள் படையினருக்கும் பணியில் இருப்பவர்களுக்கும் மட்டும் நீர்ப்பறவை வேட்டையைத் திறந்துவிட மாநிலங்களுக்கு உரிமை உண்டு. பல மாநிலங்கள் திறந்திருக்கின்றன. பருவம் முழுவதும் வெளிநாட்டில் கழித்தவனுக்கு இது கொஞ்சம் ஈடு. சிலருக்குத் திரும்பி வந்த பின் விடியலில் கேட்கும் வெடிச்சத்தமே தாங்க முடியாமல் போகிறது. துப்பாக்கியை விட்டுவிட்டுக் குழலை மட்டும் எடுத்துப் போகிறார்கள். உரிமம், வாத்து ஸ்டாம்ப், ஒரு நாள் வரம்பு ஆகியவை அந்த இரண்டு நாளுக்கும் பொருந்தும்; படையில் இருந்ததற்கான சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.